பெர்லிஸில் எவடம்?

லண்டனில் நான் வெட்கப்பட்டுக் கழித்த நேரத்தையெல்லாம் ஒன்று சேர்த்தால், அதில் முக்கால்வாசி ஒரே ஓர் ஆளின் பெயரில்தான் வரும். அவன் பெயர் பெர்லிஸ். அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் நாங்கள் இருவரும் சேர்ந்து குடியிருந்த தோர்ண்டன் ஹீத்தில் தபால்காரரிலிருந்து தமிழ்க் கடைக்காரர் வரைக்கும் யாரும் அதைச் சொல்லி அவனைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவன் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

பெர்லிஸ் என்பது உண்மையில் மலேசியாவில் ஒரு மாநிலம். வரைபடத்தில் நாட்டின் உச்சந்தலையில், தாய்லாந்து எல்லையை ஒட்டிக்கொண்டு கிடக்கும். இருக்கிற மாநிலங்களிலேயே மிகச் சிறியது. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் வயல் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு வயல் இருக்கிறது, நடுவில் சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றன. நான் கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தவன். எங்களைப் போன்ற பட்டணத்து ஆட்களுக்குப் பெர்லிஸ் என்றாலே சிரிப்புதான். காரில் போகும்போது தும்மிவிட்டால் பெர்லிஸைப் பார்க்காமலே தாய்லாந்து போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பள்ளிக்கூடத்திலேயே கேலி பேசுவோம்.

அந்த மாநிலத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்துவதற்காகத்தான் தன்னைப் பெற்றுப் போட்டிருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பியவன் நம்ம ஆள்.

இருவரும் மாணவர்களாக லண்டனுக்கு வந்த புதிதில், விடுதிச் சமையலறையில் அவனை முதன்முதலில் பார்த்தேன். நான் மேகி கிண்டிக்கொண்டிருந்தேன். தமிழ் முகமாக இருக்கிறதே, அதுவும் நம் நாட்டுச் சாடையாக இருக்கிறதே என்று மரியாதைக்குப் பசியாறியாச்சா என்று கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம். எந்த ஊரு என்றும் கேட்டுத் தொலைத்தேன். அவன் கையிலிருந்த சட்டியை மெதுவாகக் கீழே வைத்தான், கையைத் துடைத்தான், தொண்டையைச் செருமினான். அவன் பேசி முடித்தபோது என் மேகி கஞ்சியாகி, கஞ்சி களியாகி, களி சட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சொற்பொழிவுக்கு மூன்று பாகம். முதலில் வரலாறு. ஒரு காலத்தில் பெர்லிஸ் பக்கத்து மாநிலமான கெடாவோடு சேர்ந்து இருந்தது. சயாம்காரன் வந்து கெடாவை உடைத்தபோது தனியாகப் பிரிந்தது. அப்புறம் சயாம்காரன் அதை வெள்ளைக்காரன் கையில் கொடுத்தான். யுத்தத்தில் ஜப்பான்காரன் அதைப் பிடுங்கி மறுபடியும் சயாமுக்கே கொடுத்தான். யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரன் திரும்ப வாங்கிக்கொண்டான். இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, வேண்டாத பொருளையா இத்தனை பேர் மாறி மாறி இழுத்துக்கொள்வார்கள் என்று கேட்பான். கேட்பவர் தலையாட்ட வேண்டும். அடுத்தது பூகோளம். தலைநகர் கங்கார், ராஜா இருக்கும் ஊர் ஆராவ், லங்காவித் தீவுக்குப் படகு கிளம்பும் கோலா பெர்லிஸ், தாய்லாந்துக்குள் ரயில் நுழையும் பாடாங் பெசார், நாட்டிலேயே வெயில் மண்டையைப் பிளக்கும் சுப்பிங். கடைசியில் சின்னங்கள். கொடி மேலே மஞ்சள், கீழே நீலம். மஞ்சள் ராஜாவுக்கு, நீலம் மக்களுக்கு. மாநில முத்திரையில் கேடயம், அதைச் சுற்றி நெற்கதிர். அப்புறம் ஹாரும் மானிஸ் என்கிற மாம்பழம். மாம்பழம் எந்த அரசாங்கச் சின்னத்திலும் கிடையாது, அது அவனாகச் சேர்த்துக்கொண்டது.

இதில் முக்கியமான ஆபத்து ஒன்று உண்டு. நடுவில் யாராவது குறுக்கே பேசினால் அவன் விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டான். மறுபடியும் கெடாவிலிருந்து ஆரம்பிப்பான். விவரம் தெரியாதவர்கள் மரியாதைக்கு ஏதாவது சந்தேகம் கேட்டு, மூன்று தடவை சயாம்காரனிடம் அகப்பட்டுக்கொண்டு தவிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விஷயம் தெரிந்த நான் இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வேன்.

இப்பேர்ப்பட்டவன் படித்ததோ பல் மருத்துவம். யோசித்துப் பாருங்கள். உலகத்தில் வேறு எந்தத் தொழிலில் எதிராளி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேச முடியாமல் படுத்திருப்பான்? நல்ல கைராசிக்காரன், வலிக்காமல் ஊசி போடுவான், அதையும் சொல்ல வேண்டும். ஊசி போட்டு ஈறு மரத்துப் போகும்வரை வரலாறு. பல்லைக் குடையும்போது பூகோளம். வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுக் கொடியும் முத்திரையும். அவனிடம் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்ட ஜமைக்காக்காரக் கிழவர் ஒருவர் என்னைத் தெருவில் நிறுத்தி, சுப்பிங்கில் இப்போதும் அவ்வளவு வெயில் அடிக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தார். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நான் கணக்காளன். கூச்சம் எனக்குப் பிறவிக் குணம். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வருகிற ஆள். என்னைக் கொண்டுபோய் இவனோடு ஒரே வீட்டில் அடைத்தால் என்ன ஆகும்? பஸ்ஸில் அவனுக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து, யாரோ எவரோ என்பது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வரக் கற்றுக்கொண்டேன். அவனோ அங்கிருந்தே திரும்பி, "மச்சான், இந்த அக்கா கெடாவுக்கு வந்திருக்காங்களாம்லா" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சேதி சொல்லுவான்.

எங்கள் தெருமுனைத் தமிழ்க் கடையில் ஒருநாள் மாம்பழப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. பெர்லிஸ் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இதையெல்லாம் மாம்பழம் என்று விற்பது பாவம் என்றான். கடைக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை. அவர் கோபப்படவில்லை. "தம்பி எங்கடை கறுத்தக்கொழும்பானைத் திண்டு பாத்தனீரோ?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். கறுத்தக்கொழும்பானா, ஹாரும் மானிஸா என்று வாசனை, சாறு, நார், கொட்டையின் பருமன் எல்லாவற்றையும் எடுத்துவைத்து வழக்கு நடந்தது. பணம் கட்ட நின்ற வரிசை கதவுக்கு வெளியே போய்விட்டது. நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று, மூட்டையில் எழுதியிருந்ததை மூன்று மொழியிலும் படித்தேன். இரண்டு பேரும் மல்லுக்கு நின்ற இரண்டு மாம்பழமும் அந்தக் கடையில் இல்லை. இருந்தது பாகிஸ்தான் மாம்பழம். அதை ஒரு பஞ்சாபி அம்மாள் பெட்டியோடு வாங்கிக்கொண்டு போனாள்.

ஆனாலும் கொடி விவகாரத்துக்கு முன்னால் மாம்பழமெல்லாம் ஒன்றுமே இல்லை.

உக்ரைனில் போர் ஆரம்பித்த சமயம் அது. லண்டனில் ஜன்னலுக்கு ஜன்னல் உக்ரைன் கொடி தொங்கியது. அந்தக் கொடி மேலே நீலம், கீழே மஞ்சள். ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம். நான் வழக்கம்போல இரண்டு இருக்கை தள்ளி. திடீரென்று பெர்லிஸ் எழுந்து மணியை அழுத்தினான். நிறுத்தத்தில் இறங்கியவன் வந்த வழியே ஓட ஆரம்பித்தான். நானும் பின்னால் ஓடினேன். ஒரு வீட்டு ஜன்னலைக் காட்டினான். அதில் தொங்கிய கொடி மேலே மஞ்சள், கீழே நீலம்.

"மச்சான், நம்மாளு," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "இத்தன வருஷமா இந்தத் தெருவுல இருந்திருக்கான். எனக்குத் தெரியாமப் போச்சே."

யாரோ தலைகீழாகக் கட்டிவிட்டார்கள் என்று எனக்குப் பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. வாயைத் திறப்பதற்குள் அவன் கதவைத் தட்டிவிட்டான். வெள்ளைக்காரப் பாட்டியம்மா ஒருத்தி திறந்தாள். அவளிடம் மலாயில் நலம் விசாரித்து, கங்காரா ஆராவா என்று கேட்டான். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வாசல் கேட்டைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல், அந்தக் கொடி தலைகீழாக இருக்கிறது, அப்படி இருந்தால் அது உக்ரைன் இல்லை, இவனுடைய மாநிலம் என்று நானே விளக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் முகம் குங்குமமாகிவிட்டது. பெர்லிஸை ஏதோ தூதரகத்து அதிகாரி என்று நினைத்துக்கொண்டாள் போலும், திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். அவள் கொடிக்காக வெட்கப்பட, நான் அவனுக்காக வெட்கப்பட, வெட்கப்பட வேண்டியவன் மட்டும் நிமிர்ந்து நின்றான்.

பிறகு நாற்காலி போட்டு ஏறி, அவனே கொடியை அவிழ்த்துத் திருப்பிக் கட்டிக் கொடுத்தான். அந்த அம்மாள் நன்றியோடு தேநீர் போட்டுத் தந்தாள். நன்றிக்கடன் பட்டவளை அவன் சும்மா விடுவானா? கெடாவிலிருந்து ஆரம்பித்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான், என் கையாலேயே பெர்லிஸ் கொடியை இறக்கிட்டேன் மச்சான் என்றான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

அவன் இரண்டாவது முறை சாப்பிடாமல் இருந்தது வதனியால்.

வதனி அவனுடைய கிளினிக்கில் பக்கத்து அறையில் பல் சுத்தம் செய்கிற வேலை பார்த்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். அப்பா அம்மா வடக்கு லண்டனில், எட்மண்டனில். அறைகளுக்கு நடுவே இருந்த தடுப்பு மெல்லியது. அதனால் மாதக்கணக்காகத் தினமும் காலையிலிருந்து மாலைவரை பெர்லிஸ் மாநிலம் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு மாலை, கடைசி நோயாளி போனதும், அவள் கதவில் வந்து நின்று, "டொக்ரர், இண்டைக்கு மாம்பழத்தை விட்டிட்டியள்," என்றாளாம்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தான். பல் பிடுங்கிக்கொள்ள வந்தவன்போல முகம் வெளிறி இருந்தது.

"மச்சான், அவ கேட்டுக்கிட்டு இருந்திருக்கா லா," என்றான். "அவளா கேட்டுக்கிட்டு இருந்திருக்கா."

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நான் விவரிக்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் வதனி ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிட்டாள். அப்பா ஓம் என்றால்தான் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. அந்த மனிதர் அகதியாக வந்து, மூட்டை தூக்கி, கடை வைத்து, ஒற்றைப் பெண்ணை வளர்த்து ஆளாக்கியவர். அவரை நோகடித்துவிட்டு அவளால் ஒரு வாழ்க்கை வாழ ஏலாதாம். அப்பா ஏற்கனவே ஒரு மாப்பிள்ளையை வேண்டாமென்று திருப்பி அனுப்பியவர். இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்.

பெர்லிஸுக்கு ஆட்கள் ஏது? ஒரே பிள்ளை. அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் என்று போனது நான் ஒருத்தன்தான்.

விக்டோரியாவில் ரயில் மாறி, செவன் சிஸ்டர்ஸில் மாறி எட்மண்டன் போகிற வழி முழுக்க அவனுக்குப் பாடம் நடத்தினேன். இன்றைக்கு ஒரு நாள் பெர்லிஸ் என்ற பேச்சே வாயில் வரக்கூடாது. வந்தால் நீ நிறுத்த மாட்டாய். பெரியவர் நடுவில் ஏதாவது கேட்பார், நீ மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாய், அவர் உன்னைப் பைத்தியம் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார். யாராவது ஊர் கேட்டால் பினாங்கு என்று சொல். பினாங்கு எல்லோருக்கும் தெரிந்த பட்டணம். நாலு பேருக்கு முன்னால் சொன்னால் கௌரவமாக இருக்கும்.

"பொய் சொல்லணுமா மச்சான்?" என்றான்.

"பினாங்கு பக்கம்னு சொல்லு. லண்டன்லேர்ந்து பார்த்தா எல்லாம் பக்கந்தான்."

ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, வதனி மேல சத்தியமா வாயத் திறக்க மாட்டேன் என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எட்மண்டன் வீட்டில் நல்ல உபசாரம். பயத்தம் பணியாரம், வடை, தேத்தண்ணி. வதனியின் அப்பா மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசாதவர். பயணம் எப்படி, குளிர் எப்படி, வேலை எப்படி என்று கேட்டார். பெர்லிஸ் எல்லாவற்றுக்கும் அடக்கமாகப் பதில் சொன்னான். வதனியும் அம்மாவும் சமையலறை வாசலில் நின்றிருந்தார்கள். எல்லாம் சுமுகமாகப் போகிறது என்று நான் இரண்டாவது வடையை எடுத்தேன்.

அப்போதுதான் அவர், "தம்பி மலேசியாவிலை எவடம்?" என்று கேட்டார்.

எவடம் என்றால் எந்த இடம். கோலாலம்பூர்க்காரனான எனக்கு ஒரு விஷயம் தெரியாமல் போயிற்று. நாங்கள் ஊரைக் கேட்பது சும்மா பேச்சுக்கு. பதில் வந்தால் அப்படியா என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். யாழ்ப்பாணத்து மனிதர்கள் அப்படி இல்லை. அவர்கள் எவடம் என்று ஆரம்பித்தால் ஊர், கோயிலடி, சந்தி, ஒழுங்கை என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே வந்து உங்கள் வீட்டு வாசல் படலையில் கை வைத்துவிட்டுத்தான் நிற்பார்கள். பெண் கொடுக்கிற விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பெர்லிஸ் என்னைப் பார்த்தான். "பினாங்கு பக்கம்," என்றான்.

"பினாங்கோ? நல்ல இடம். என்ரை தமையன்ரை மகன் அங்கை கொஞ்ச நாள் வேலை செய்தவன். பினாங்கிலை எவடம்?"

வடை என் தொண்டையில் நின்றுவிட்டது. அவனுக்குப் பினாங்கில் ஒரு தெரு தெரியாது. பாலம் ஒன்று இருப்பது மட்டும் தெரியும்.

"பாலத்துக்குப் பக்கம்," என்றான்.

"பாலத்துக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்கிறார். அவன் "நடுவுல," என்றான்.

பாலத்தின் நடுவில் இருப்பது கடல். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் கோப்பையை மேசையில் வைத்தார். வாசலில் வதனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"தம்பி குறை நினைக்கக்கூடாது," என்றார் அவர், கோபமே இல்லாமல். "தன்ரை ஊரைச் சொல்லத் தெரியாத ஒரு ஆளுக்கு நான் என்னெண்டு பிள்ளையைக் குடுக்கிறது?"

பெர்லிஸ் தலையைக் குனிந்துகொண்டான். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. இத்தனை வருஷத்தில் அவன் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அந்த இலாகாவை முழுவதும் நான்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். பல்லுக்கு வந்தவரிடமும் பஸ்ஸில் வந்தவரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன ஊரை, உயிருக்கு உயிரான ஒரு பெண்ணின் வீட்டில், வாயில் வைத்து விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் சொன்னேன் என்பதற்காக. எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது, அந்த சோபா அப்படியே பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. இந்த முறை அவனை நினைத்து இல்லை, என்னை நினைத்து.

"ஐயா," என்றேன். "அவன் ஊரு பெர்லிஸ். பினாங்குன்னு சொல்லச் சொன்னது நான்."

"ஏன் அப்பிடிச் சொல்லச் சொன்னனீங்கள்?"

"அது சின்ன எடங்கய்யா. வெறும் வயலு. சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"ஆருக்கு வெக்கம்? அவருக்கோ?"

"இல்ல. எனக்கு."

"சின்ன இடமெண்டால் என்ன? நாங்கள் என்ன லண்டனிலையே பிறந்தனாங்கள்?" என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பி, உங்கள் ஊரைப் பற்றி நீங்களே சொல்லுங்கோ என்றார்.

பெர்லிஸ் வாயைத் திறக்கவில்லை. என்னையும் வதனியையும் மாறி மாறிப் பார்த்தான். சத்தியம் செய்திருக்கிறானே. மடையன், அவள் பெயரில் செய்த சத்தியத்தை அவளை இழந்தாலும் காப்பாற்றுவான் போலிருந்தது. அறையில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். கடைசியில் நான் கையைத் துடைத்தேன், தொண்டையைச் செருமினேன்.

ஒரு காலத்தில் பெர்லிஸ் கெடாவோடு சேர்ந்து இருந்தது என்று ஆரம்பித்தேன்.

எனக்கே ஆச்சரியம், ஒரு வார்த்தை விடாமல் வந்தது. சயாம்காரன் வந்தான், உடைத்தான். அந்த இடத்தில் பெரியவர், சயாமெண்டால் இப்பத்தைய தாய்லாந்துதானே என்று கேட்டார். ஓம் ஐயா என்று சொல்லிவிட்டு, என்ன செய்ய, கெடாவிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன். பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி அது எனக்கு முதலிலிருந்துதான் தெரியும், நடுவிலிருந்து தெரியாது. சமையலறைப் பக்கமிருந்து வதனி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஜப்பான்காரன் பிடுங்கினான், வெள்ளைக்காரன் வாங்கினான், வேண்டாத பொருளையா இத்தனை பேர் இழுத்துக்கொள்வார்கள் என்று நானே நிறுத்திக் கேட்டேன். அவர் தலையாட்டினார். கங்கார் போனேன், ஆராவ் போனேன், சுப்பிங் வெயிலில் நின்றேன். மஞ்சள் ராஜாவுக்கு, நீலம் மக்களுக்கு என்றேன். மாம்பழத்தைச் சொல்லும்போது என் கை தானாக ஒரு மாம்பழத்தை ஏந்திக் காட்டியது. கோலாலம்பூரில் என் நண்பர்கள் யாராவது அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் என்னைத் தள்ளி வைத்திருப்பார்கள்.

முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. பெரியவர் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார். "அதிலை அவர் எவடம்?"

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். லண்டனில் பெர்லிஸைப் பற்றிக் கேட்டவர்கள் எல்லோரும் எப்போது முடியும் என்று காத்திருந்தவர்கள்தான். முடிந்த பிறகு, மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்ட மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவனும் அன்றைக்குத்தான் பார்த்தான். மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"பாடாங் பெசார்," என்றான்.

"பாடாங் பெசாரிலை எவடம்?"

"ரயில்வே ஸ்டேஷன் பின்னாலங்கய்யா. அப்பா ரயில்வேல இருந்தாரு. குவாட்டர்ஸ்."

"தண்டவாளத்துக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

"இஞ்சாலை," என்றான் பெர்லிஸ், அவர் பாஷையிலேயே.

பெரியவர் முகம் தெளிந்தது. வீட்டு முன்னால் என்ன மரம், தண்ணீர் கிணற்றிலா குழாயிலா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவனும் ஒவ்வொன்றாகச் சொன்னான். சொற்பொழிவு இல்லை, கேட்டதற்கு மட்டும் பதில். நான் வதனியின் அம்மா கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன். கரை சேர்ந்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"அப்ப அங்கை இப்ப ஆர் இருக்கினம்?" என்றார் அவர். "ஒரு கலியாணமெண்டால் ஊரிலை விசாரிக்கத்தானே வேணும். ஆரிட்டைக் கேக்கிறது?"

"யாரும் இல்லைங்கய்யா," என்றான். "அப்பா அம்மா போனப்புறம் அந்த வீட்டையும் வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. என்னைத் தெரிஞ்சவங்கன்னு அங்க இப்ப யாரும் இல்ல."

பெரியவர் மனைவியைப் பார்த்தார். அவருக்கு அவனைப் பிடித்துவிட்டது என்பது தெரிந்தது. பிடித்ததனாலேயே அவருக்குச் சங்கடமாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டில் பெண் கொடுத்த விதம் அப்படி. பையனைப் பெற்ற ஊரில் ஒருத்தராவது, இவன் எங்கள் பிள்ளை, எனக்குத் தெரியும், நல்லவன் என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லை என்றால் அவரால் அதைத் தாண்டி வர ஏலாது. வதனி வாசலிலிருந்து நகராமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊராள் எண்டு ஒருத்தராவது இருந்தால் போதும்," என்றார், யாரிடமென்று இல்லாமல். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் எவடம் தம்பி?"

கோலாலம்பூரில் பிறந்தவன் நான். அங்கே படித்தவன். பெர்லிஸில் இன்றுவரைக்கும் கால் வைத்தது கிடையாது, தும்மிக்கொண்டு தாண்டியதுகூடக் கிடையாது.

"நானும் பெர்லிஸ்தாங்கய்யா," என்றேன். "இவனைச் சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும். நல்லவன். என்ன கேக்கணுமோ என்னைக் கேளுங்க."

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, வதனியை வந்து உட்காரச் சொன்னார்.

தன் மாநிலத்தைப் பற்றி யார் ஒரு சொல் தப்பாகச் சொன்னாலும், நடுத்தெருவில் நிறுத்தி வைத்துத் திருத்தாமல் விடாத மனிதன் பெர்லிஸ். அன்றைக்கு அவன் என்னைத் திருத்தவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.